‘பேச்சு வரலை’ என்றால் எது வரவில்லை?

கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி வண்டி ஏறும் என் நண்பர் ஒருவர் இறங்க வேண்டிய இடம் தவளக்குப்பம். ஆனால் பல வருஷமாக அவர் எடுத்த டிக்கெட் அரியாங்குப்பத்துக்கு. அரியாங்குப்பம் இன்னும் கொஞ்சம் தள்ளி, சில ரூபாய் கூடுதல். ‘த’வில் தொடங்கும் சொல் அவருக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ளும், ‘அ’ வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கண்டக்டர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற அந்த இரண்டு நொடியில், பின்னால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கையில், ‘த... த... த...’ என்று நிற்பதைவிடக் காசு போனால் போகட்டும் என்பது அவர் கணக்கு. அலுவலகத்தில் அவருக்குத் திக்கும் என்றே பலருக்குத் தெரியாது. ‘அதிகம் பேசாத மனுஷன்’ என்றுதான் பெயர்.

எங்கள் தெருவிலேயே 3 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். ‘அம்மா’வைத் தவிர ஒரு சொல் இல்லை. என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, கூடவே பேச்சும் போனது. இந்த மூன்று வீட்டிலும் கேட்டால் ஒரே பதில்தான்: “பேச்சு வரலைங்க.” ஆனால் மூன்று பேருக்கும் வராதது ஒரே பொருள் அல்ல. எது வரவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் விடுவதில்தான் மாதங்களும் வருஷங்களும் போகின்றன.

சமைப்பது வேறு, பரிமாறுவது வேறு. மொழி என்பது சமையல். சொல்லைத் தேடி எடுப்பது, வரிசையில் வைப்பது, ‘போனேன்’, ‘போனான்’, ‘போனாள்’ என்று ஆளுக்கேற்ற விகுதி சேர்ப்பது, அடுத்தவர் சொன்னதைப் புரிந்துகொள்வது எல்லாம் அதில் அடக்கம். பேச்சு என்பது பரிமாறுதல். நுரையீரல் காற்றைக் கொடுக்க, குரல்வளை அதிர, நாக்கும் உதடும் அண்ணமும் அந்தக் காற்றை ஒலியாக வெட்டித் தருகின்றன. என் நண்பருக்குச் சமையலில் ஒரு குறையும் இல்லை, கரண்டி மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். பெரியப்பாவுக்கோ அடுப்பு எரிகிறது, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. அந்தச் சின்னப் பையன் வீட்டில் மளிகையே வந்து சேர்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அதாவது, அவனுக்குக் காது கேட்கிறதா?

“நல்லா கேக்குதே, தட்டு விழுந்தா திரும்பறானே” என்று அவன் பாட்டி சொன்னார். எவர்சில்வர் தட்டு விழும் சத்தமும் பட்டாசும் பலத்த சத்தம். ‘ச’, ‘த’ போன்ற ஒலிகள் மெல்லியவை. காதில் பாதி பழுது இருக்கும் பிள்ளை தட்டுக்குத் திரும்புவான், ‘சட்டை’ என்ற சொல்லில் பாதிதான் அவனுக்குப் போய்ச் சேரும். நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் இதே கதைதான். அதனால் பேச்சு தாமதம் என்று யார் வந்தாலும் முதல் சோதனை காதுக்கு. பிறந்த குழந்தைக்கே செய்யக்கூடிய ஓ.ஏ.ஈ. சோதனை சில நிமிஷ வேலை, காதில் சின்னக் குமிழை வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால், சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் ‘பெரா’ சோதனை. அதற்குப் பிள்ளை தூங்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்திருந்து, காலையில் பஸ்ஸில் அது தூங்கிவிடாமல் ஆட்டிக்கொண்டே கோரிமேட்டில் ஜிப்மருக்குப் போய்ச் சேரும் தாய்மார்களைக் கேட்டுப்பாருங்கள், பெரா என்றால் என்னவென்று கதை கதையாகச் சொல்வார்கள்.

பிறந்த 1 மாதத்துக்குள் காதுச் சோதனை, 3 மாதத்துக்குள் பழுது இருக்கிறதா என்று உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் காது மிஷினும் பயிற்சியும் தொடங்குவது. உலகம் முழுக்க இதைத்தான் இலக்காக வைக்கிறார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்வது அதிகமுள்ள நம் பக்கத்தில் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது, பிறவிக் காது கேளாமைக்கு அது தெரிந்த காரணங்களில் ஒன்று. மிஷினால் பயன் இல்லாத அளவுக்குப் பழுது என்றால் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவைச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டு ரேஷன் கார்டு உள்ள, வருமான வரம்புக்குள் வரும் குடும்பம் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் செய்துகொள்ளலாம். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, அங்கே விதிகள் வேறு. இருக்கும் வீடு எந்தப் பக்கம், கார்டு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அறுவைச் சிகிச்சை முடிந்ததும் பிள்ளை பேசிவிடாது. அதற்குச் சத்தம் வருமே தவிர அர்த்தம் வராது. அப்புறம்தான் கேட்டுப் பழகும் பயிற்சி தொடங்குகிறது, அது மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் போகும்.

காது சரியாக இருந்தால்? இங்கேதான் குடும்பத்துப் பெரியவர்கள் களத்தில் இறங்குவார்கள். “அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்.” “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்.” “நாக்கு அடியில ஒட்டியிருக்கு, வெட்டி விடணும்.” வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவது ஒரு பக்கம். சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா போய், சம்பந்தரின் பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்த ஓசைநாயகியிடம் வேண்டிக்கொண்டு வருவது இன்னொரு பக்கம். கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம், அதே வாரத்தில் காதையும் பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. பிரசாதம் தேன் என்றால், 1 வயதுக்குக் குறைந்த குழந்தையின் வாயில் மட்டும் வைக்காதீர்கள், அந்த வயதில் தேன் ஆபத்து. நாக்கு ஒட்டியிருப்பதால் சில ஒலிகள் சரியாக வராமல் போகலாம், பால் குடிப்பதில் சிரமம் இருக்கலாம். சொல்லே வராமல் போவதற்கு அது காரணம் ஆகாது.

தாமதமாகப் பேசத் தொடங்கிப் பிறகு எல்லாரையும் எட்டிப் பிடிக்கும் பிள்ளைகள் நிஜமாகவே உண்டு, பாட்டிகள் பொய் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை தானாக எட்டிப் பிடிக்கும், எது நின்றுவிடும் என்று 2 வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். ஆனால் சில அடையாளங்கள் உண்டு. ஒரு வயதை ஒட்டி முதல் சொல். 2 வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பது. இதைவிட நான் முக்கியமாக நினைப்பது விரல். மொட்டை மாடியில் நிலாவைப் பார்த்ததும் விரலை நீட்டிவிட்டு, ‘நீயும் பார்த்தியா’ என்று அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதே, அந்தத் திரும்பிப் பார்த்தல். ஒன்றரை வயதுக்குள் அது வராவிட்டாலோ, பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, விளம்பர வசனத்தை அச்சாக ஒப்பித்துவிட்டுத் ‘தண்ணி’ என்று கேட்கத் தெரியாவிட்டாலோ, ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்த சொற்கள் மறைந்துபோனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

செல்போனையும் சொல்லிவிடுகிறேன். போன்தான் ஆட்டிசத்தைக் கொண்டுவருகிறது என்று பேசுவது அதிகப்படி. ஆனால் 1 வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 வயதில் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. போன் பேசும், பதிலுக்குக் காத்திருக்காது. பிள்ளை காட்டிய காக்காவைத் திரும்பிப் பார்க்காது.

காக்கா என்றதும் இன்னொரு வீடு ஞாபகம் வருகிறது. அந்த வீட்டுப் பெண் குழந்தை மதில் மேல் உட்கார்ந்த காக்காவைக் காட்டித் “தாத்தா! தாத்தா!” என்று குதிக்கும், தாத்தாவுக்குக் கோபம் வரும். நாக்கின் பின்பக்கத்தைத் தூக்கிச் சொல்ல வேண்டிய ‘க’வை நுனி நாக்கால் ‘த’ ஆக்குவது சின்ன வயதில் சாதாரணம். கடலூர் ‘தடலூர்’ ஆகும், ராஜா ‘லாஜா’ ஆவான். ‘ர’, ‘ற’ எல்லாம் கடைசியாக வந்து சேருகிறவை. பள்ளிக்கூடம் போகும் வயதிலும் வெளி ஆட்களுக்குப் பிள்ளை பேசுவது புரியவில்லை என்றால்தான் பயிற்சி. மேலண்ணத்தில் பிளவு இருந்தால் கதை வேறு. ‘ப’ சொல்ல வாய்க்குள் காற்றைத் தேக்க வேண்டும், அது மூக்கு வழியாகக் கசிந்துவிடுவதால் ‘பாப்பா’ கிட்டத்தட்ட ‘மாம்மா’ ஆகிவிடும். இதற்கு முதலில் அறுவைச் சிகிச்சை, ஒன்றரை வயதுக்குள் முடிந்தால் நல்லது. பயிற்சி அதற்குப் பின்.

‘ழ’ வராததற்கெல்லாம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பேச்சுத் தெரபிஸ்டிடம் ஓட வேண்டாம். நம் பக்கத்தில் பாதிப் பேர் வாங்குவது ‘வாளப்பளம்’, இன்னும் வடக்கே போனால் ‘வாயப்பயம்’. அது வட்டார வழக்கு, நோய் இல்லை. தமிழ் வாத்தியார் கோபித்துக்கொள்ளலாம், அது வேறு விஷயம்.

யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. காது நன்றாகக் கேட்கும், ஆட்டிசம் இல்லை, அறிவிலும் குறையில்லை, மொழி மட்டும் ஏறாது. மொழி வளர்ச்சிக் கோளாறு என்கிறார்கள். ஏறக்குறைய 7 சதவீதப் பிள்ளைகளுக்கு இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன, 30 பேர் உள்ள வகுப்பில் 2 பேர். “நேத்து ஸ்கூல்ல என்ன நடந்தது?” என்று கேட்டால் கோவையாகச் சொல்லத் தெரியாது. டீச்சர் ஒரே மூச்சில் மூன்று வேலை சொன்னால் கடைசி வேலையை மட்டும் செய்வான். கணக்கு போடுவான், கணக்கில் வரும் கதை புரியாது. அவனுக்கு வகுப்பில் கிடைக்கும் பட்டம் ‘மக்கு’ அல்லது ‘கவனம் இல்லாதவன்’. இப்படியே எட்டாம் வகுப்பு வரை தள்ளப்பட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எல்.கே.ஜி. சேர்த்ததும் பள்ளியில் சொல்கிறார்கள்: “வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க, ரெண்டு பாஷை குழப்பும்.” தவறான யோசனை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் கோளாறு வராது. ஏனாமின் தெலுங்கு, மாஹேயின் மலையாளம், பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளின் பிரெஞ்சு என்று எல்லாம் கலந்து கேட்கிற புதுச்சேரியில் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தனக்கே தடுமாறும் இங்கிலீஷில் அம்மா பேசினால் பிள்ளைக்குப் போவது நான்கு கட்டளைச் சொல்: ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘நோ’. கதையும் கொஞ்சலும் சண்டையும் அம்மாவிடம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழிதான் பிள்ளைக்கு வேண்டும்.

பயிற்சி அறையில் மந்திரம் ஏதாவது நடக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். நான் பார்த்த அறையில் தெரபிஸ்ட் தரையில் உட்கார்ந்து சோப்பு நுரை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவார், பிள்ளை துள்ளும். மறுபடி குழாயை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார். ஐந்து நொடி, பத்து நொடி. வெளியிலிருந்து பார்த்தால் வேலையே செய்யாத மாதிரி தெரியும். பிள்ளை அவர் கையைத் தொட்டு ‘ஊ’ என்றதும், “ஊது! ஊதணுமா? பெருசா ஊதறேன்” என்று ஊதினார். அந்தப் பத்து நொடிதான் சிகிச்சை. நாம் வீட்டில் அதைக் கொடுப்பதில்லை. “இது என்ன? சொல்லு. ஆப்பிள் சொல்லு. சொன்னாத்தான் தருவேன்” என்று பரீட்சை வைக்கிறோம். பிள்ளை ‘பால்’ என்றால் “பாலா? சூடா இருக்கு, ஆத்தித் தரேன்” என்று அதன் சொல்லோடு இரண்டு சொல்லைக் கோத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் பாடம். வாரத்தில் 168 மணி நேரம், அதில் தெரபிஸ்ட் கையில் இருப்பது ஒன்றோ இரண்டோ. படம் போட்ட அட்டைகளைப் பற்றி ஒரு முறையீடும் உண்டு. தேவனாம்பட்டினத்துப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது மீன், வலை, படகு. கடையில் கிடைக்கும் அட்டையில் இருப்பது வரிக்குதிரையும் இக்லூவும்.

யாரிடம் போவது? இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். அதற்கான சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. கேட்டால் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் மருத்துவக் குழு, 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வளர்ச்சித் தாமதத்தையும் சேர்த்தே பார்க்கிறது. அவர்கள் எழுதிக் கொடுத்தால் குறையைத் தொடக்கத்திலேயே கவனிக்க மாவட்ட அளவில் உள்ள மையத்துக்குக் காசில்லாமல் போகலாம்.

சரி, நண்பருக்கு வருவோம். சின்னப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேருக்குத் திக்கல் வந்து போகிறது, பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் நிலைப்பது 1 சதவீதம் அளவு, அதில் ஆண்கள் அதிகம். பயத்தால் வருவதில்லை. மூளை பேச்சுத் தசைகளுக்கு நேரம் குறித்து அனுப்பும் விதத்தில் உள்ள வேறுபாடு, பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. பயம் அப்புறம் வந்து ஒட்டிக்கொள்வது. “மெதுவாப் பேசு, மூச்சு இழுத்துட்டுச் சொல்லு” என்று ஆளாளுக்குச் சொல்லும் புத்திமதியும் முடிக்காத வாக்கியத்தை நாமே முடித்து வைப்பதும் அந்தப் பயத்துக்குத் தீனி. தெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பது வேறு: சொல்லை மென்மையாகத் தொடங்குவது, மாட்டிக்கொண்டால் முட்டாமல் தளர்த்தி வெளியே வருவது, முக்கியமாக, சொல்லை மாற்றி ஓடாமல் இருப்பது. ஓடுகிறவரைக்கும் அரியாங்குப்பம் டிக்கெட்தான். எல்லாச் சொல்லுக்கும் மாற்று கண்டுபிடித்த அவரால் ஒரு சொல்லுக்கு மட்டும் முடியவில்லை, அவருடைய சொந்தப் பேர். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுதானே.

பெரியப்பாவுக்கு நடந்தது வேறு. ஒரு காலை டீயைக் கையில் வாங்கியவர் நாக்கு குழறி ஏதோ சொன்னார், வாய் ஒரு பக்கம் கோணியது. “பித்தமா இருக்கும், படுத்தா சரியாயிடும்” என்று படுக்கவைத்தோம். மூளை ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். முகம் கோணுவது, கை விழுவது, பேச்சு குழறுவது, இந்த மூன்றில் ஒன்று திடீரென வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு அது அப்புறம்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், நன்றிதான். அனுப்பும்போது கை கால் பயிற்சிக்குச் சீட்டு எழுதினார்கள். பேச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. நாங்களும் கேட்கவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கிறது என்பதை 5 மாதம் கழித்து வேறு ஒருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். மீட்சி வேகமாக இருக்கும் முதல் மாதங்கள் அப்படிப் போயின.

அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே சொல்: ‘அதான்’. சோறு வேண்டும் என்றாலும் அதான், கோபம் என்றாலும் அதான், ராகம் மட்டும் மாறும். 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் வந்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஒற்றை அசைதான் வரும், ஆஸ்பத்திரியில் அவர் பேரே டான் ஆகிவிட்டது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்த புரோக்கா, இடது முன்பகுதியில் பழுதைக் கண்டார். 1874-ல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதற்கு நேர் எதிரான ஒன்றை விவரித்தார்: தடையில்லாமல் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் புரியாது. இந்த இரண்டாம் வகையினரைக் குடும்பத்தார் பல சமயம் ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று நினைத்துவிடுகிறார்கள். புத்தி அங்கேதான் இருக்கிறது, மொழிதான் குலைந்திருக்கிறது.

பெரியப்பா மனைவியின் பேரைச் சொல்லமாட்டார். ஆனால் வடலூர்ப் பக்கம் பிறந்த மனுஷன், விளக்கு ஏற்றியதும் நாங்கள் அருட்பெருஞ்ஜோதி மகாமந்திரத்தைத் தொடங்கினால் ஒரு எழுத்து பிசகாமல் முழுக்கச் சொல்லி முடிப்பார். பெரியம்மா முதல் நாள் அழுதுவிட்டார், குணமாகிவிட்டது என்று. குணமாகவில்லை. பழகிய மந்திரம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்ற எண்ணிக்கை, வசவு எல்லாம் சொல் சொல்லாகக் கோக்கப்படுவதில்லை. மொத்தமாக ஒரு கட்டாக இருக்கின்றன, மூளையின் இடது பக்கம் பழுதானாலும் பிழைத்துவிடுகின்றன. இந்த வாசல் வழியாகவே உள்ளே போகும் பயிற்சியை அமெரிக்காவில் 1973-ல் விவரித்தார்கள்: தேவையான சிறு வாக்கியத்தை ராகம் போட்டு, இடது கையால் தாளம் தட்டிச் சொல்லவைத்து, மெல்ல மெல்ல ராகத்தைக் கழற்றுவது. “தண்ணி வேணும்” பெரியப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. இப்போது அவர் பேச்சு ‘கடை... போ... பால்’ என்று வரும். கடைக்கு, போய் என்ற ஒட்டுகளெல்லாம் உதிர்ந்த தமிழ். அதற்குள் விஷயம் இருக்கிறது.

புதுச்சேரியில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ தாத்தா ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் முதலில் திரும்புவது தமிழா, பிரெஞ்சா? முதலில் கற்றது முதலில் வரும் என்று ரிபோ என்ற உளவியலாளர் சொன்னதை வைத்து ஒரு கட்சி, அதிகம் புழங்கியது முதலில் வரும் என்று 1895-ல் பித்ரஸ் என்ற மருத்துவர் சொன்னதை வைத்து இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரர்கள்தான். நடைமுறையில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே திரும்புகின்றன. தமிழில் மட்டும் சோதித்துவிட்டு ‘ஒன்றுமே வரவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது என்பதுதான் இதில் காரியம்.

பேச்சுத் தெரபிஸ்ட் பார்ப்பது பேச்சை மட்டும் அல்ல, விழுங்குவதையும். பக்கவாதம் வந்தவருக்குப் படுத்த வாக்கில் தண்ணீர் புகட்டினால் அது நுரையீரலுக்குப் போகலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, எவ்வளவு கெட்டியாகக் கஞ்சி கொடுக்கலாம் என்று அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகே கொடுக்க வேண்டும். குரலும் அவர்கள் பக்கம்தான். துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவர்கள், வகுப்பில் கத்துகிற டீச்சர்கள் குரல் நாணில் காய்ப்பு வந்து கம்மிப்போகிறார்கள். தண்ணீரும் ஓய்வும் குரலை எடுக்கும் பழக்கத்தை மாற்றுவதும் பல சமயம் போதும். கம்மல் 3 வாரத்துக்கு மேல் நீடித்தால், அதுவும் பீடி சிகரெட் பழக்கம் இருந்தால், தொண்டையை உள்ளே பார்த்தே ஆக வேண்டும், புற்றாக இருக்கலாம். அதில் குரல்வளையை எடுக்க நேர்ந்தவர்களையும், மொழி இழப்பு நிரந்தரமாகிவிட்டவர்களையும் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மொழிக் குறைபாடு என்ற பிரிவில் சேர்க்கிறது. 21 வகைகளில் அது ஒன்று. கையும் காலும் சரியாக இருப்பதால் சான்றிதழ் கிடைக்காது என்று பலர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள்.

பெரியப்பா இப்போது தினமும் காலையில் மஞ்சக்குப்பம் டீக்கடை வரை நடக்கிறார். முதலில் நான் கூடப் போய், அவருக்குப் பதில் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடைக்காரர் என்னைப் பேசவிடவில்லை. “இருங்க தம்பி” என்று கையமர்த்திவிட்டு, ஒரு கையில் டீ டிகாக்‌ஷனும் இன்னொரு கையில் காபித்தூள் டப்பாவுமாகத் தூக்கிக் காட்டி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது, பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். பெரியப்பா இடது கையை நீட்டி டப்பாவைத் தொட்டார். “கா... காபி. அதான்.”

“சக்கரை?”

தலையை ஆட்டி மறுத்தார். சர்க்கரை நோய் என்பதை நான் சொல்லியிருந்தால் அரை நொடியில் முடிந்திருக்கும்.